நிஃப்டி வாராந்திர ஸ்ட்ராடில்: ஐந்தாண்டு பேக்டெஸ்ட் அறிக்கையை எப்படிப் படிப்பது?

கொங்குமணி:

அனைவருக்கும் வணக்கம். நிஃப்டி வாராந்திர ஆப்ஷனில் காலை 9:20 மணிக்கு ஏடிஎம் (அப்போதைய சந்தை விலைக்கு மிக அருகிலுள்ள ஸ்ட்ரைக்) கால் (சந்தை ஏறினால் மதிப்பு ஏறும் ஆப்ஷன்), புட் (இறங்கினால் மதிப்பு ஏறும் ஆப்ஷன்) இரண்டையும் விற்று (இதுதான் ஸ்ட்ராடில்), ஒவ்வொரு லெக்குக்கும் (விற்ற ஒவ்வோர் ஆப்ஷனுக்கும்) 25 சதவீத ஸ்டாப் லாஸ் (விலை அவ்வளவு ஏறினால் திரும்ப வாங்கி மூடும் வரம்பு) வைத்து, பிற்பகல் 3:15-க்கு வெளியேறும் முறையை ஒரு மென்பொருளில் பேக்டெஸ்ட் செய்து (பழைய தரவில் ஓட்டி) பார்த்தேன். காலம் 2020 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை. அறிக்கையின் சுருக்கம் இதுதான்: மொத்தம் 1,240 வர்த்தக நாள்கள், வெற்றி நாள்கள் 58 சதவீதம், வெற்றி நாளின் சராசரி லாபம் 52 புள்ளி, தோல்வி நாளின் சராசரி நட்டம் 56 புள்ளி, ஒரு நாளுக்கான நிகர சராசரி 6.64 புள்ளி, அதிகபட்ச டிராடவுன் (உச்சத்திலிருந்து இறங்கிய பள்ளம்) 640 புள்ளி. ஒன்றரை லட்சம் ரூபாய் முதலுக்கு ஐந்தாண்டில் 412 சதவீதம் லாபம் என்று அறிக்கையின் தலைப்பில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. இந்த எண்களில் எவற்றை நம்பலாம், எவற்றைத் திருத்திப் படிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தாமிரபரணி:

நண்பரே, 412 சதவீதத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அது நீங்கள் மென்பொருளில் கொடுத்த முதல் தொகையால் வகுத்து வந்த எண், அவ்வளவே. வெற்றி சதவீதத்துக்கும் தனியாகப் பொருள் கிடையாது. பிரீமியம் (ஆப்ஷனின் விலை) விற்கும் எந்த முறையிலும் ஸ்டாப் லாஸைத் தள்ளி வைத்தால் வெற்றி சதவீதம் ஏறும், நெருக்கி வைத்தால் இறங்கும். லாபம் அதனோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் அறிக்கையில் ஆராயத்தக்க எண் அந்த 6.64 மட்டுமே. அதைப் பற்றி இரண்டு கேள்விகள். அது ஆண்டுவாரியாக எப்படிப் பிரிகிறது? அதில் தரகு, வரி, ஸ்லிப்பேஜ் (நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வேறுபாடு) கழிக்கப்பட்டிருக்கிறதா?

கொங்குமணி:

கழிக்கப்படவில்லை, மென்பொருளின் அமைப்பில் மூன்றும் சுழியமாக இருந்தன, அப்படியே ஓட்டினேன். ஆண்டுவாரியாகப் புள்ளிகள்: 2020-இல் 2,900, 2021-இல் 2,200, 2022-இல் 1,750, 2023-இல் 350, 2024-இல் 1,033. ரூபாய்க் கணக்குக்கு எல்லா ஆண்டுகளுக்கும் 75 என்ற லாட் அளவையே (ஒரே தடவையில் விற்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) மென்பொருள் எடுத்துக்கொண்டது.

கணக்கர்:

இந்த ஆண்டுவாரி வரிசை ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. மொத்தம் 8,233 புள்ளியில் 5,100 புள்ளி முதல் இரண்டு ஆண்டுகளில் வந்திருக்கிறது. 2020 மார்ச்சில் இந்தியா விக்ஸ் (சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தின் அளவுகோல்) 80-ஐத் தாண்டியது. 2023-இன் பெரும்பகுதி அது பத்துக்கும் பதின்மூன்றுக்கும் இடையே கிடந்தது. விக்ஸ் உயரும்போது ஸ்ட்ராடிலின் பிரீமியம் பெருகும். அதே முறை அதே திறத்தோடு இயங்கினாலும் புள்ளிக் கணக்கில் அதிகம் தெரியும். ஆகவே புள்ளியில் பார்க்காமல், விற்ற பிரீமியத்தில் எத்தனை சதவீதம் கையில் நின்றது என்று நாள்தோறும் கணக்கிட்டு, அதன் சராசரியை ஆண்டுவாரியாகப் பாருங்கள். அப்போதும் 2023 மெலிந்தே தெரிந்தால் முறையே மெலிந்துவிட்டது என்று ஐயப்படலாம். மற்ற ஆண்டுகளோடு ஒத்துவந்தால், பிரீமியம் சிறுத்ததுதான் காரணம்.

இனி செலவு. கால் 100, புட் 100 என்று மொத்தம் 200 புள்ளிக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். 2024 அக்டோபர் 1 அன்று அமலான விகிதப்படி ஆப்ஷன் விற்பனைக்கு எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) பிரீமியத்தில் 0.1 சதவீதம், எனவே 0.2 புள்ளி. (2023 மார்ச் வரை அது 0.05, அதன் பின் 0.0625.) என்எஸ்இயின் பரிவர்த்தனைக் கட்டணம் அதே நாளிலிருந்து பிரீமியத்தில் ஒரு லட்சத்துக்கு 35.03 ரூபாய், விற்றதும் திரும்ப வாங்கியதும் சேர்ந்து சுமார் 0.14 புள்ளி. ஓர் ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் தரகரிடம் நான்கு ஆர்டருக்கு 80 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 94.40 ரூபாய். லாட் 75 என்றால் இது 1.26 புள்ளி. முத்திரைக் கட்டணம் போன்ற சில்லறைகளையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 1.6 புள்ளி அளவில் போகிறது. எல்லாரும் எஸ்டிடியைத் திட்டுகிறோம். ஒரு லாட் விற்பவருக்குத் தரகுதான் பெருஞ்செலவு என்பதை இங்கே கவனியுங்கள். 2024 ஏப்ரல் இறுதியிலிருந்து டிசம்பர் வரை லாட் 25 ஆக இருந்தது. அந்த மாதங்களில் ஒரே ஒரு லாட் விற்றவருக்கு இதே தரகு 3.8 புள்ளி. எல்லா ஆண்டுக்கும் 75 என்று போட்டுவிட்ட மென்பொருளில் இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது.

ஸ்லிப்பேஜுக்கு ஒரு பரிமாற்றத்துக்கு முக்கால் புள்ளி என்று மிதமாக வைத்தாலும், நான்குக்கு 3 புள்ளி. 6.64-இல் 1.6-ஐயும் 3-ஐயும் கழித்தால் மிஞ்சுவது 2 புள்ளி.

அந்த 2 புள்ளி உண்மையில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. உங்கள் அறிக்கையில் அன்றாட முடிவுகளின் திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) எங்காவது இருக்கும். இத்தகைய முறையில் அது 70 புள்ளி அளவில் இருக்கும் என்று கொள்கிறேன். 1,240-இன் வர்க்கமூலம் சுமார் 35. 70-ஐ 35-ஆல் வகுத்தால் 2. அதாவது, உங்கள் சராசரியே இரண்டு புள்ளி முன்பின்னாக ஆடக்கூடியது. செலவுக்கு முந்திய 6.64 சுழியத்திலிருந்து மூன்று மடங்குக்கு மேல் விலகி நிற்கிறது, அது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு. செலவுக்குப் பிந்திய 2 புள்ளி ஒரே ஒரு மடங்கு விலகலில் நிற்கிறது. அதைச் சுழியத்திலிருந்து பிரித்தறிய ஐந்தாண்டுத் தரவு போதாது.

நெய்தல்:

கணக்கர் ஐயா ஸ்லிப்பேஜை ஒரே அளவாகக் கழித்தார். ஆனால் ஸ்டாப் லாஸ் தட்டும் நாள்களில் அது ஒரே அளவாக இருப்பதில்லை. உங்கள் மென்பொருள் ஒரு நிமிட மெழுகுவர்த்தித் தரவை (நிமிடத்தின் தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு விலைகளை) வைத்து இயங்குகிறது என்று நினைக்கிறேன். 100-க்கு விற்ற ஆப்ஷனின் உச்சம் 125-ஐத் தொட்டதும் 125-க்கே வெளியேறியதாக அது எழுதிக்கொள்கிறது. அந்த நிமிடம் 118-இல் தொடங்கி 141-இல் முடிந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நடைமுறையில் என்எஸ்இ 2021 செப்டம்பர் 27 முதல் ஆப்ஷன்களுக்கு எஸ்எல்-எம் ஆர்டரையே (தூண்டுவிலை வந்ததும் கிடைக்கும் சந்தை விலையில் நிறைவேறும் ஆர்டர்) நிறுத்திவிட்டது. தூண்டுவிலையோடு ஒரு வரம்புவிலையும் கொடுத்தாக வேண்டும். வரம்பை 127 என்று நெருக்கமாக வைத்தால் சந்தை அதைத் தாண்டிக் குதித்து, நிலை மூடப்படாமலே நிற்கும். 140 என்று தாராளமாக வைத்தால் 136-க்கோ 138-க்கோ மூடப்படும். பேக்டெஸ்டில் 25 புள்ளி என்று பதிவான நட்டம் இப்படித்தான் 38 ஆகிறது. அதுவும் எல்லா நாளும் நடப்பதில்லை. சந்தை சீறிப் பாயும் நாள்களில் மட்டும் நடக்கும். ஆகவே சராசரியைவிட உங்கள் வால்நாள்கள்தான் (அரிதான பெருநட்ட நாள்கள்) அதிகம் கெடும்.

ஒரு சோதனை சொல்கிறேன். ஸ்டாப் தட்டிய நிமிடத்துக்கு அடுத்த நிமிடத்தின் தொடக்க விலையில் வெளியேறியதாக அமைப்பை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் இதற்கு வழி இருக்கும்.

இன்னொன்று, சுருக்கத்தை மூடிவிட்டு நாள்வாரிப் பட்டியலைத் திறந்து சில குறிப்பிட்ட நாள்களை மட்டும் பாருங்கள். 2021 பிப்ரவரி 24 அன்று என்எஸ்இயில் தொழில்நுட்பக் கோளாறால் முற்பகல் 11:40-க்கு வர்த்தகம் நின்று, 3:45-க்கு மறுபடி தொடங்கி 5 மணி வரை நடந்தது. உங்கள் முறை வெளியேற வேண்டிய 3:15-க்கு அன்று விலையே கிடையாது. மென்பொருள் எந்த விலையை எடுத்தது? 11:39-இன் விலையை எடுத்திருந்தால் அந்த நாள் கற்பனை நாள். 2024 மார்ச் 2, மே 18 ஆகிய இரு சனிக்கிழமைகளிலும் பேரிடர் மீட்புச் சோதனைக்காகச் சிறு அமர்வுகளே நடந்தன. அவை பட்டியலில் முழுநாள்களாக இருக்கின்றனவா? தீபாவளி முகூர்த்த வர்த்தக நாளில் 9:20 என்ற நேரமே இல்லை. அதை மென்பொருள் விட்டுவிட்டதா, அல்லது மாலையில் நுழைந்ததா? 1,240-இல் நான்கைந்து நாள் தவறினால் சராசரி பெரிதாக மாறாது என்பது உண்மைதான். ஆனால் இந்த நாள்களைத் தரவு எப்படிக் கையாள்கிறது என்பதிலிருந்து மற்ற நாள்களின் தரத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

பொதிகை:

மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன், யாரும் தவறாக எண்ண வேண்டாம். இந்த இழையில் எல்லாப் பிழைகளும் பேக்டெஸ்டுக்குச் சாதகமானவை என்பது போலப் பேச்சு போகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. மெழுகுவர்த்தியின் உச்சம் என்பது சில நேரம் யாரோ ஒருவர் அவசரத்தில் மார்க்கெட் ஆர்டர் போட்டதால் பதிவான ஒரே ஒரு பரிமாற்றம். முந்திய விலை 104, பிந்திய விலை 105, நடுவில் ஒரு சொட்டு 126. பேக்டெஸ்ட் அதைக் கண்டு ஸ்டாப் தட்டியதாக எழுதும். நடைமுறையில் ஸ்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போடாமல், தன் கணினியில் நிமிட முடிவு விலையைப் பார்த்து வெளியேறுபவருக்கு அது தட்டியிருக்காது. அதனால் உச்ச விலையில் ஒரு முறை, நிமிட முடிவு விலையில் ஒரு முறை என இரண்டு வகையாகவும் ஓட்டிப் பார்த்தால்தான் நியாயம்.

ஸ்லிப்பேஜும் அப்படியே. நிஃப்டியின் நடப்பு வார ஏடிஎம்மில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி சாதாரண நேரத்தில் மிகக் குறுகியது; அங்கே ஒரு லாட்டுக்கு முக்கால் புள்ளி என்பது கூடுதல்.

தாமிரபரணி:

பொதிகை அவர்களின் முதல் கருத்தை ஏற்கிறேன். இரண்டாவது, 9:20-க்கு அவ்வளவாகப் பொருந்தாது. சந்தை தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் இடைவெளி நண்பகலைவிட அகலமாகவே இருக்கும். 9:20 என்பது விற்பனையாளர்களிடையே புகழ்பெற்றுவிட்ட நேரம் என்பதால் பலர் ஒரே நொடியில் விற்கவும் செய்கிறார்கள்.

அந்த 9:20-ஐப் பற்றியே கேட்க நினைத்தேன். கொங்குமணி, அந்த நேரத்தையும் அந்த 25 சதவீதத்தையும் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? 9:16 முதல் 10:00 வரை ஒவ்வொரு நிமிடத்தையும், 15 முதல் 60 வரை ஒவ்வொரு ஸ்டாப்பையும் ஓட்டி, சிறந்ததை எடுத்திருந்தால், கணக்கர் சொன்ன மூன்று மடங்கு விலகல் என்பதன் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். எந்தத் திறமும் இல்லாத நூற்றுக்கணக்கான முறைகளை ஓட்டினால் அவற்றில் சில தற்செயலாகவே அப்படி விலகி நிற்கும். அக்கம்பக்கத்து மதிப்புகளைப் பாருங்கள். 9:18, 9:25, 9:30 ஆகிய நேரங்களிலும் 20, 30 சதவீத ஸ்டாப்களிலும் முடிவு ஏறத்தாழ இதே மட்டத்தில் இருந்தால் நல்லது. 9:20-இல் மட்டும் 6.64 வந்து 9:22-இல் 2 என்று விழுந்தால், நீங்கள் கண்டது பழைய தரவின் இரைச்சலை.

கொங்குமணி:

அனைவருக்கும் நன்றி. சொன்னவற்றைச் செய்து பார்த்தேன். 9:20-உம் 25 சதவீதமும் நான் தேடி எடுத்தவை அல்ல. பலரும் பேசக் கேட்டவை. பிறர் தேடி எடுத்ததைத்தான் நான் கேட்டிருக்கிறேன் என்று தாமிரபரணி சொல்லக்கூடும், அதுவும் சரிதான். அக்கம்பக்க மதிப்புகளில் பெரிய பள்ளம் இல்லை. 9:18 முதல் 9:35 வரை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையே வருகிறது.

அடுத்த நிமிடத் தொடக்க விலையில் வெளியேறச் செய்தபோது சராசரி 6.64-இலிருந்து 5.1 ஆனது. ஒரு பரிமாற்றத்துக்கு அரைப் புள்ளி ஸ்லிப்பேஜும் 1.6 புள்ளி செலவும் கழித்ததில் 1.5 புள்ளி மிஞ்சியது. 2023-ஆம் ஆண்டு நட்டத்தில் முடிகிறது. திட்ட விலக்கம் 71.

2021 பிப்ரவரி 24 அன்று மென்பொருள் 11:39-இன் விலையிலேயே இரண்டு லெக்கையும் மூடியிருக்கிறது. முகூர்த்த நாள்களை விட்டுவிட்டது. மே 18 சனிக்கிழமை பட்டியலில் இருக்கிறது. கடைசியாகக் கிடைத்த விலையை 3:15 என்று குறித்திருக்கிறது.

எக்ஸ்பைரி நாளை (ஒப்பந்தம் முடியும் நாளை) தனியாகப் பிரித்தபோது ஒன்று கண்டேன். 261 எக்ஸ்பைரி நாள்களில் சராசரி 14 புள்ளி. மற்ற நாள்களில் 4.7 மட்டுமே. இவை செலவுக்கு முந்திய, பழைய அமைப்பின் எண்கள். எக்ஸ்பைரி நாளில் மட்டும் விற்றால் போதும் என்று தோன்றுகிறது. டிராடவுன் 640-ஐப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கணக்கர்:

எக்ஸ்பைரி நாளில் லாபம் கூடுவதற்குக் காரணம் உண்டு. காலமதிப்பு முழுவதும் அன்று மாலைக்குள் கரைந்தாக வேண்டும். காரணம் இருப்பதால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் 261 நாள்கள் என்பது சிறிய தொகுதி. அந்த நாள்களின் திட்ட விலக்கம் 80 என்றால் சராசரியின் ஆட்டம் 5 புள்ளி. அதோடு, அன்று காமா (சந்தை நகர நகர ஆப்ஷன் விலை மாறும் வேகம் கூடும் அளவு) அதிகம் என்பதால் நெய்தல் சொன்ன ஸ்டாப் தாவல் கடுமையாக இருக்கும். 14-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அடுத்த நிமிட விலையில் ஓட்டிய எண்ணைக் கேளுங்கள். மார்ஜினும் (விற்பவர் தரகரிடம் வைக்க வேண்டிய பிணைத்தொகை) மாறிவிட்டது: 2024 நவம்பர் 20 முதல் செபியின் விதிப்படி எக்ஸ்பைரி நாளில் விற்ற ஆப்ஷனுக்கு ஒப்பந்த மதிப்பில் கூடுதலாக 2 சதவீதம் மார்ஜின். நிஃப்டி 24,000, லாட் 75 என்றால் ஒப்பந்த மதிப்பு 18 லட்சம். அதில் 2 சதவீதம் 36,000 ரூபாய். ஒன்றரை லட்சம் முதலில் இந்த ஸ்ட்ராடிலை இன்று விற்கவே முடியாது. அந்த 412 சதவீதம் எந்தக் காலத்துக்கும் பொருந்தாத ஒரு விகிதம்.

டிராடவுனுக்கு வருகிறேன். 640 என்பது நாள் முடிவு விலைகளை வைத்துக் கணக்கிட்டது. வர்த்தகத்தின் நடுவே எவ்வளவு இறங்கியது என்பது அதில் தெரியாது. மார்ஜின் போதாமல் தரகர் உங்கள் நிலையை மூடுவது நடுவேதான் நடக்கும். இரண்டாவதாக, 640 என்பது நடந்து முடிந்த ஒரே ஒரு வரிசையில் வந்தது. அதே 1,240 முடிவுகளைக் குலுக்கி வரிசையை மாற்றி ஆயிரம் முறை ஓட்டிப் பாருங்கள். எத்தனை முறை 900-ஐத் தாண்டுகிறது என்று தெரியவரும். செலவு கழித்த முடிவுகளைக் குலுக்குங்கள், சராசரி 1.5 ஆகக் குறைந்த பிறகு டிராடவுன் ஆழமாவதோடு, மீண்டு வர ஆகும் காலமும் நீண்டுவிடும். நாளுக்கு 1.5 புள்ளி ஈட்டும் முறை 640 புள்ளிப் பள்ளத்திலிருந்து சராசரி வேகத்தில் ஏற 427 வர்த்தக நாள்கள் வேண்டும். அது ஒன்றே முக்கால் ஆண்டு.

நெய்தல்:

ஸ்டாப் லாஸ் இருப்பதால் பெருநட்டம் வராது என்ற எண்ணம் இந்த அறிக்கைகளைப் படிக்கும் பலரிடம் உண்டு. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 10 சதவீதக் கீழ்வரம்பைத் தொட்டு 45 நிமிடம் வர்த்தகம் நின்றது. நாள் முடிவில் சரிவு 12.98 சதவீதம். நின்றிருக்கும் நேரத்தில் எந்த ஸ்டாப்பும் வேலை செய்யாது. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வெளியான நாளில், நிஃப்டி 5.93 சதவீதம் சரிந்தது. கொங்குமணி, இந்த இரு நாள்களின் வரிகளை மட்டும் நிமிடத் தரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று பதிவான வெளியேறும் விலை மிகச் சரியாக 25 சதவீதத்தில் நின்றால், அந்த இரு வரிகளையும் நம்ப வேண்டாம்.

தாமிரபரணி:

எக்ஸ்பைரி நாளைக் கிழமையை வைத்து வடிகட்டினீர்களா, எஞ்சிய நாள்களை வைத்தா? உங்கள் காலகட்டத்தில் நிஃப்டியின் எக்ஸ்பைரி வியாழன். விடுமுறை வந்தால் முந்திய நாளுக்கு நகரும். வியாழன் என்று வடிகட்டினால் அவை தவறிவிடும். 2025 செப்டம்பர் முதல் எக்ஸ்பைரி செவ்வாய்க்கு மாறிவிட்டது. ஆகவே வியாழன், செவ்வாய் என்ற பெயர்களை மறந்துவிட்டு, எக்ஸ்பைரிக்கு எஞ்சிய வர்த்தக நாள்கள் சுழியம், ஒன்று, இரண்டு என்று பிரியுங்கள். இதைச் செய்யாத மென்பொருளில் 2025-இன் தரவைச் சேர்த்தால் இரண்டு வேறு பொருள்கள் ஒரே பெயரில் கலந்துவிடும்.

இன்னொன்றும் கேட்பேன். 2025-இன் தரவை நீங்கள் இதுவரை தொடவில்லை. புதிய லாட், புதிய எஸ்டிடி, எக்ஸ்பைரி நாள் மார்ஜின் எல்லாம் அமலில் இருக்கும் காலம் அது. விதிகளை இப்போதே எழுதி முடித்துவிட்டு, அதன்மேல் ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். முடிவைப் பார்த்து ஸ்டாப்பை 25-இலிருந்து 28 ஆக்கி மறுபடி ஓட்டினால் அந்தத் தரவும் பழசாகிவிடும்.

பொதிகை:

ஏடிஎம் ஸ்ட்ரைக்கை மென்பொருள் எப்படித் தேர்கிறது என்பதையும் பாருங்கள். ஸ்பாட் விலையை (குறியீட்டின் நடப்பு மதிப்பை) 50-இன் மடங்குக்கு வட்டமாக்கித் தேர்ந்தால், ஃபியூச்சர் (எதிர்கால ஒப்பந்தத்தின் விலை) ஸ்பாட்டுக்கு மேல் நிற்கும் நாள்களில் கால் பிரீமியம் புட்டைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருக்கும்; விற்பவர் தன்னை அறியாமல் சந்தை இறங்கும் என்ற பக்கம் சாய்ந்து நிற்பார். எக்ஸ்பைரிக்குத் தொலைவான நாள்களில் இது தெரியும், எக்ஸ்பைரி நாளில் மறைந்துவிடும். கால், புட் விலைகளிலிருந்து வரும் செயற்கை ஃபியூச்சரை வைத்துத் தேர்ந்தால் இந்தச் சாய்வு நீங்கும்.

மருதம்:

இழையை வாசித்து வருகிறேன். என்னிடம் இதே முறைக்கு பேங்க் நிஃப்டியின் 2016 முதலான வாராந்திரத் தரவு உள்ளது. நிஃப்டியைவிட முடிவு நன்றாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

தாமிரபரணி:

பேங்க் நிஃப்டி வாராந்திர ஒப்பந்தம் 2024 நவம்பர் 13-உடன் முடிந்துவிட்டது. ஓர் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரே ஒரு குறியீட்டில்தான் வாராந்திர எக்ஸ்பைரி இருக்கலாம் என்று செபி வரம்பு வைத்தபின், என்எஸ்இ நிஃப்டியை வைத்துக்கொண்டது. எனவே அந்த முடிவை நேரடியாக வர்த்தகம் செய்ய வழியில்லை. மாத ஒப்பந்தத்தின் கடைசி வாரத்தை மட்டும் பிரித்தெடுத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு எக்ஸ்பைரிகளே கிடைக்கும். ஆனால் ஒரு வகையில் அது பயன்படும்: நிஃப்டியில் முடிவு செய்த விதிகளை மாற்றாமல் அதன்மேல் ஓட்டி, அங்கேயும் எக்ஸ்பைரி நாளுக்கும் மற்ற நாளுக்கும் இதே வேறுபாடு வருகிறதா என்று பாருங்கள். 2023 செப்டம்பர் 6 முதல் அதன் வாராந்திர எக்ஸ்பைரி புதன்கிழமைக்கு மாறியது. அங்கேயும் கிழமையை வைத்துப் பிரிக்க வேண்டாம்.

கொங்குமணி:

விதிகளை எழுதிவிட்டேன்: செயற்கை ஃபியூச்சரை வைத்து ஸ்ட்ரைக், நுழைவு 9:20, ஸ்டாப் 25 சதவீதம், அடுத்த நிமிடத் தொடக்கத்தில் வெளியேற்றம், பரிமாற்றத்துக்கு அரைப் புள்ளி ஸ்லிப்பேஜ், இன்றைய கட்டணங்கள், எஞ்சிய நாள் சுழியம் தனியாகவும் மற்றவை தனியாகவும். 2025-இன் நிமிடத் தரவு கிடைத்ததும் ஒரு முறை ஓட்டி, நாள்வாரிப் பட்டியலை முழுமையாக இங்கே இணைக்கிறேன்.